உஷார்! மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்

என் போனில் ஒரு படம் இருக்கிறது. செம்மண் நிறத்தில் மணல் சரிவு, மேலே முகட்டில் மட்டும் மாலை வெயில். நடுவில் மஞ்சள் உடையில் என் அக்கா மகள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் ஓர் ஆள் இல்லை, ஒரு கால்தடம்கூட இல்லை. துபாய் பாலைவனத்தில் அவள் ஆசைப்பட்ட படம் அச்சு அசலாக அதுதான். ஆனால் அவள் தலைக்குப் பின்னால், முகட்டுக்கு மேலே, ஒரு சின்ன ஆரஞ்சுத் துணி எட்டிப் பார்க்கிறது. முதல் தடவை பார்க்கிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அது ஒரு மணல் பக்கி வண்டியின் கொடி. படம் எடுத்து ஒரு மூச்சு விடுவதற்குள் அந்த வண்டி முகட்டைத் தாண்டி அவளை நோக்கி இறங்கிவிட்டது.

பிழைத்துக்கொண்டாள். ஒரு முழம் தள்ளி முன்சக்கரம் மணலில் குத்தி நின்றது. பதறி விலகியதில் கணுக்கால் பிசகி மூன்று வாரம் கட்டோடு இருந்தாள். வண்டியை ஓட்டி வந்தவரும் நம்மைப் போல ஒரு சுற்றுலாப் பயணிதான். வாழ்க்கையில் முதல் முறையாக, வாடகைக்கு எடுத்து, அரை மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தவர். இறங்கி வந்து கைகால் நடுங்க அழுதார். அவரை யாரும் திட்டவில்லை. திட்டவும் தோன்றவில்லை.

நான் 17 வருடமாக துபாயில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் புர்ஜ் கலீஃபா, இரண்டாம் நாள் க்ரீக்கில் அப்ரா படகுச் சவாரி, மூன்றாம் நாள் டெசர்ட் சஃபாரி. இத்தனை தடவை போய் வந்த நான்தான் அன்றைக்குத் தலையாட்டினேன். "மாமா, இங்கன ஒரே கூட்டமா இருக்கு. அந்தப் பக்கம் போயி ரெண்டு போட்டோ எடுத்துட்டு வந்துருதோம்" என்று மாப்பிள்ளை கேட்டார். கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "சரி மாப்ள, இருட்டுறதுக்குள்ள வந்துருங்க" என்றேன். இருட்டைப் பற்றித்தான் யோசித்தேன். வண்டியைப் பற்றி யோசிக்கவில்லை. இப்போது டிசம்பர், பொங்கல் விடுமுறை என்று நம் ஆட்கள் விமானம் விமானமாக வந்து இறங்குகிற காலம். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூட்டமில்லாத படம் வேண்டும் என்று ஆசைப்படுவதில் எந்தத் தப்பும் இல்லை. சஃபாரி வண்டிகள் கூடுகிற லஹ்பாப் பக்கம் மாலை நாலரை, ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளை லேண்ட் குரூஸர்கள் வரிசை வரிசையாக நிற்கும். தோளில் ராஜாளியை உட்காரவைத்துப் படமெடுக்கக் கூப்பிடுகிறவர், தலையில் ஷெமாக் துணி கட்டிவிடுகிறவர், ஒவ்வொரு மேட்டிலும் கையை விரித்து நிற்கிற பத்துப் பேர். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் யாரோ ஒருவர் வருவார். ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்தவர்களுக்கு மனசு கேட்குமா? அதோடு, இந்த ஊர்ச் சட்டமும் சும்மா இல்லை. 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் அடுத்தவரைப் படமெடுத்து வெளியிடுவதைக் குற்றம் என்கிறது. குறைந்தது ஆறு மாதச் சிறை, ஒன்றரை லட்சம் முதல் ஐந்து லட்சம் திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டில் ஒன்று என்று அதில் இருக்கிறது. ஆக, பின்னால் அந்நியக் குடும்பம் இல்லாமல் படம் எடுக்க நினைப்பது நல்ல பழக்கம்தான். அதற்கு நாம் தேர்ந்தெடுக்கிற இடம்தான் ஆளைக் கொல்லும்.

ஏன் என்று புரிய, மணல்மேடு எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். காற்று வருகிற பக்கம் மேடு சாய்வாக, நீளமாக, கொஞ்சம் இறுகிப்போய் இருக்கும். அங்கே நடந்தால் கால் அதிகம் புதையாது. முகட்டைத் தாண்டியதும் மறுபக்கம் சட்டென்று செங்குத்தாக இறங்கும். காற்று தள்ளிக்கொண்டு வந்த மணல் அங்கே உதிர்ந்து உதிர்ந்து, 30 முதல் 34 டிகிரிச் சரிவில் உதிரியாக நிற்கிறது. அதனால்தான் அந்தப் பக்கம் எப்போதும் அழகாக இருக்கும். தடம் விழுந்தாலும் சரிந்து மூடிக்கொள்ளும். காற்றும் அங்கே மறைவு. சீலை பறக்காது, முடி கலையாது, ஆளும் இல்லை. படத்துக்கென்றே செய்து வைத்த இடம்போல இருக்கும்.

இப்போது வண்டிக்குள் உட்கார்ந்து பாருங்கள். மணலில் ஏறுவதற்காக, தார்ச் சாலையில் 35 பிஎஸ்ஐ இருந்த டயர் காற்றைப் பாதிக்குக் குறைத்திருப்பார்கள். அப்படியும் மேடேற வேகம் வேண்டும். நடுவில் காலை எடுத்தால் வண்டி புதைந்துவிடும். அதனால் ஓட்டுநர் ஒரே மூச்சில் மிதித்துக்கொண்டு வருவார். முகட்டை நெருங்கும்போது வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கும். அவர் கண்ணுக்குத் தெரிவது பானெட், அதற்கு மேல் நீல வானம், அவ்வளவுதான். மறுபக்கம் என்ன இருக்கிறது என்பது முகட்டைத் தாண்டி மூக்கு கீழே சாய்ந்த பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் உங்களைப் பார்த்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். என்ன செய்வார்? செங்குத்துச் சரிவில் பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் மணலில் குத்தும். ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டி குறுக்கே திரும்பி உருளும். நேராக இறங்குவதைத் தவிர வேறு வழியே கிடையாது. இரண்டரை டன் வண்டி, உள்ளே ஆறு பேர், கீழே நீங்கள்.

சத்தம் கேட்டு விலகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். முகடு ஒரு சுவர். எஞ்சின் சத்தத்தை அது மேலேயே தடுத்துவிடும், மிச்சத்தை மணல் உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் மாப்பிள்ளை சத்தியம் செய்து சொன்னார்: "மாமா, கொடி தெரிஞ்ச பொறவுதான் சத்தமே கேட்டுச்சு." அவர் போன் திரையில் இவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகட்டை யாருமே பார்க்கவில்லை. பாலைவனத்தில் படம் எடுக்கிற எந்த ஜோடியும் அப்படித்தான் நிற்கும்.

எங்கள் வண்டி ஓட்டுநர், பெஷாவர் பக்கத்துக்காரர், அன்று இரவு கேம்ப்பில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்து இந்தியில் சொன்னார்: "பாய், நாங்க மேட்டைப் பார்த்துட்டுத்தான் ஏறுவோம். தடம் இருந்தா, ஆள் இருக்கும்னு சுத்திப் போவோம். தடமே இல்லேன்னா ஆள் இல்லேன்னு நெனச்சுத்தான் ஏறுவோம்." நாம் படத்துக்காகத் தேடுகிற கன்னி மணல், அவர்களுக்கு வழி காலியாக இருக்கிறது என்பதற்கான அடையாளம். இதை 17 வருடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை.

லேண்ட் குரூஸர் ஓட்டுகிறவர்களாவது இதையே தொழிலாகச் செய்கிறவர்கள். வாடகைப் பக்கியும் குவாட் பைக்கும்தான் பெரிய பயம். துபாய்–ஹத்தா சாலையில், சார்ஜாவின் அல் பதாயர் பக்கம் 'பிக் ரெட்' என்று எல்லோரும் சொல்கிற மணல்மலை இருக்கிறது. உயரம் கிட்டத்தட்ட 100 மீட்டர். அதன் அடியில் வரிசையாக வாடகை வண்டிகள். பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்து ஹெல்மெட்டை மாட்டி அனுப்பிவிடுவார்கள். ஓட்டுகிறவருக்கு மேடும் தெரியாது, சரிவும் தெரியாது. அந்த வட்டாரத்தில் படமெடுக்க ஒதுங்கவே ஒதுங்காதீர்கள். வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் கூட்டத்தோடு நிற்கிற படமே போதும்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது 'ஃப்ளையிங் டிரஸ்' என்று நாலைந்து மீட்டர் வால் வைத்த கவுனை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். உதவியாளர் ஒருவர் வாலைத் தூக்கி வீசுவார், காற்றில் விரியும், க்ளிக். படம் பிரமாதமாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த உடையோடு மணலில் ஓட முடியாது. வண்டி வருகிறது என்று தெரிந்தாலும் முதல் அடியிலேயே தடுக்கி விழுவோம். அதைவிட மோசம், சேலையோ துப்பட்டாவோ போட்டுக்கொண்டு குவாட் பைக்கில் உட்கார்ந்து போஸ் கொடுப்பது. அந்த வண்டிக்குச் சக்கரம் மூடி இல்லாமல் வெளியே தெரியும். துணியின் நுனி அச்சில் சுற்றிக்கொண்டால் கழுத்தை இறுக்க ஒரு நொடி போதும். நம் ஊரில் பைக் சக்கரத்தில் துப்பட்டா சிக்கிய செய்திகளைப் படிக்காதவர்கள் உண்டா? "சும்மா உக்காந்து ஒரு போட்டோதானே" என்பார்கள். கை தெரியாமல் ஆக்ஸிலரேட்டர் விசையில் பட்டால் வண்டி நகரும். துணியை இடுப்பில் இறுக்கிச் செருகாமல் அதில் ஏறவே கூடாது.

அடுத்த பயம், வழி தவறுவது. இதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மேடு தாண்டினால் எல்லா மேடும் ஒன்றுபோல இருக்கும். வந்த தடத்தைப் பார்த்துத் திரும்பலாம் என்றால் காற்று அதை அழித்திருக்கும். டிசம்பரில் இங்கே ஐந்தரை மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும். அதற்குப் பிறகு வெளிச்சம் என்று சொல்லிக்கொள்ள இருபத்தைந்து நிமிடம் இருந்தால் அதிகம். அந்த நேரத்தில்தான் வானம் ஊதாவும் ஆரஞ்சுமாக இருக்கும், அப்போதுதான் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கால் உள்ளே உள்ளே போகும். பொது வண்டியில் போனவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆறு பேர் மூன்று குடும்பம், ஒருவரை ஒருவர் தெரியாது. இரண்டு பேர் குறைகிறார்கள் என்பதை ஓட்டுநர் ஒருவர்தான் கவனிக்க வேண்டும். அவரோ நாற்பது வண்டிக் கூட்டத்தில் நிற்கிறார்.

"போன் இருக்கே" என்பீர்கள். யோசித்துப் பாருங்கள். அன்று மத்தியானத்திலிருந்து கேமராவும் அதுதான், டார்ச்சும் அதுதான், வரைபடமும் அதுதான். ஐபோனை 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று அதைச் செய்கிற ஆப்பிளே சொல்கிறது. வெயிலில் வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தால் சூடேறி, எச்சரிக்கை காட்டி, தானே அணைந்துகொள்ளும். பேட்டரியும் மளமளவென்று இறங்கும். இன்னொன்று நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் பலருக்குத் தெரியாது: இந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. ஹோட்டல் வைஃபையை நம்பி சிம் வாங்காமல் வந்தவர் மேட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு வாட்ஸ்அப் காலை அழுத்திக்கொண்டே இருப்பார். உள்ளூர் சிம்மோ ரோமிங்கோ கட்டாயம் வேண்டும். போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 998, தேடி மீட்கும் படைக்கு 995. இந்த மூன்றையும் ஏறுவதற்கு முன்பே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

வண்டியை விட்டு இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, மேப்பில் அந்த இடத்தில் ஒரு குறி போட்டு வைப்பது. இணையம் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், குறியை நோக்கித் திரும்பி நடக்கலாம். அப்படியும் தவறிவிட்டால் நடந்துகொண்டே இருக்காதீர்கள். நடக்க நடக்கத் தேடுகிறவர்களிடமிருந்து விலகித்தான் போவோம். நாலு பக்கமும் தெரிகிற உயரத்துக்கு ஏறி நின்று, இருந்த இடத்தை ஓட்டுநருக்கு அனுப்பிவிட்டு, டார்ச்சை ஆட்டுங்கள்.

கோடையில் வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஜூன், ஜூலையில் காற்றே 45 டிகிரியைத் தாண்டும், மத்தியான மணல் 65, 70 வரை போகும். வெறுங்காலில் போஸ் கொடுத்தால் பாதம் வெந்துவிடும். உலர்ந்த காற்றில் வியர்வை வந்த உடனே ஆவியாகிவிடுவதால் உடம்பில் தண்ணீர் குறைவதே தெரியாது. ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், அது களைப்பு இல்லை. ஹீட் ஸ்ட்ரோக்கின் தொடக்கம். உடனே நிழல், தண்ணீரில் நனைத்த துணி, 998. இன்னொரு கவலையும் உண்டு. மாலையில் மணல் ஆறத் தொடங்கும்போது கொம்பு விரியனும் தேளும் வெளியே வரும். பகலில் அந்தப் பாம்பு கண் மட்டும் தெரிய மணலுக்குள் புதைந்து கிடக்கும், நிறமும் மணல் நிறம்தான். செடி முளைத்த திட்டுப் பக்கம் செருப்பில்லாமல் போகவே வேண்டாம்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு, படமே எடுக்காதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. கூட்டமில்லாத படத்துக்கு இடத்தை மாற்றத் தேவையில்லை. நேரத்தையும் கேமராவின் உயரத்தையும் மாற்றினால் போதும்.

காலை சஃபாரிக்குப் போங்கள். ராத்திரி காற்று மணலைத் துடைத்து வைத்திருக்கும், நிறுத்துகிற இடத்திலேயே தடமில்லாத மேடு கிடைக்கும். ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விடியற்காலையில் மூடுபனி இறங்கும். பனி இருந்தால் அது விலகும் வரை வண்டியின் அருகிலேயே நில்லுங்கள். இங்கே 2022 ஜனவரியிலிருந்து வாரவிடுமுறை சனி, ஞாயிறு. செவ்வாய், புதனில் போனால் கூட்டம் குறைவு. கொஞ்சம் கூடுதல் செலவு பரவாயில்லை என்பவர்கள் துபாய் பாலைவனப் பாதுகாப்பகத்துக்குப் போகலாம். 225 சதுர கிலோமீட்டர் இடம், அனுமதி பெற்ற சில நிறுவனங்களுக்கு மட்டும்தான் உள்ளே வழி. ஓரிக்ஸ் மான்களும் கண்ணில் படும்.

மாலை சஃபாரிதான் என்றால், கூட்டம் நிற்கிற மேட்டின் இந்தப் பக்கச் சரிவிலேயே, வண்டிகள் நிறுத்தி வைத்த பக்கமாக நாலடி கீழே இறங்குங்கள். படம் எடுக்கிறவர் முழங்காலிட்டு, போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் மணலை ஒட்டி இருக்கும்படி வைத்து, மேல்நோக்கி எடுக்கட்டும். கேமரா அவ்வளவு தாழ்ந்ததும் முன்னால் இருக்கிற சின்ன மணல் வரியே பெரிய மலையாகி, பின்னால் நிற்கிற ஐம்பது பேரையும் மறைத்துவிடும். ஆளுக்குப் பின்னால் வானம் மட்டும் இருக்கும். இன்னொரு வழி, பின்னால் தள்ளி நின்று மூன்று மடங்கு ஜூமில் எடுப்பது. பின்னணியில் கொஞ்சம் இடம்தான் விழும், ஆளும் குறைவாகவே விழுவார்கள். அப்படியும் ஓரத்தில் ஒருவர் நின்றால் போனிலேயே விரலால் தேய்த்து அழித்துவிடலாம். கூகுளின் மேஜிக் இரேஸர், ஐபோனின் க்ளீன் அப், சாம்சங்கிலும் அதற்கு ஒன்று இருக்கிறது. மென்மையான மணலில் அந்த அழிப்பு சுவடே தெரியாது. முப்பது விநாடி வேலைக்காக என் அக்கா மகள் உயிரைப் பணயம் வைத்தாள் என்று நினைக்கும்போது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ட்ரோன் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2022 ஜனவரியில் தனியார் ட்ரோன்களை இங்கே மொத்தமாகத் தடை செய்தார்கள். தடை தளர்ந்த பிறகும் பதிவும் அனுமதியும் இல்லாமல் பறக்கவிட முடியாது.

அந்தப் பக்கம் போயே ஆக வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் முகட்டில், இரண்டு பக்கத்துக்கும் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். நீங்கள் படம் முடித்து மேலே வரும் வரை அவர் நகரக் கூடாது. "வண்டி வந்தால் உங்களைத் தூரத்திலேயே தெரியுமா பாய்?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் திரும்பிவிடுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். அன்று நான் கேட்டிருந்தால் எங்கள் ஓட்டுநர் மறித்திருப்பார், அதை அவரே சொன்னார்.

அக்கா மகள் அந்தப் படத்தை அழிக்கத்தான் பார்த்தாள். நான்தான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை என் தம்பி, மனைவி, இரண்டு பையன்களோடு வந்து இறங்குகிறான். சிம் வாங்கி வைத்துவிட்டேன். ஆரஞ்சுத் துணியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு நேற்று ராத்திரி அந்தப் படத்தை அவனுக்கு அனுப்பினேன். காலையில் பதில் வந்தது: "அண்ணே, வட்டத்துக்குள்ள என்ன இருக்கு? ஒண்ணும் தெரியலையே." போன் செய்து, படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, அது என்னவென்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பெரியவனைக் கூப்பிடுவது கேட்டது.